அண்ணனுக்கு வந்த இதயத் தசை நோய் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. மாடி ஏறினால் மூச்சிரைக்கிறது என்று போனார். எக்கோவில் இதயச் சுவர் 19 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, 'ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, பரம்பரையாக வருவது' என்றார்கள். அப்பா 46 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். ஹார்ட் அட்டாக் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். எனக்கு 37 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. 12 வயதில் மகள், 8 வயதில் மகன். நாங்கள் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் முதலில் எடுக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் அண்ணன். அதற்கும் முன்னால் உங்களுக்கு ஒரு இ.சி.ஜி.யும் ஒரு எக்கோவும் எடுத்துவிட வேண்டும். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதே இரண்டு. இதற்கு ஜீன் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் அடுத்த வட்டம். உங்கள் முடிவைப் பார்த்துவிட்டு அவர்களுக்குப் போகலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: இருவரில் யாராவது ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்திருந்தால், நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லியிருந்தால், இந்த வரிசையை மறந்துவிட்டு அந்தப் பிள்ளையை இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா 46 வயதில் தூக்கத்தில் இறந்தார் என்கிறீர்கள். இதை அண்ணனைப் பார்க்கும் மருத்துவரிடம் யாராவது சொன்னீர்களா?

திடீரென்று ஒருவர் இறந்தால் 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது. இந்த நோயில் குழாயில் அடைப்பு இல்லாமலேயே, தசையில் ஓடும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கி, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்பாவுக்கு நடந்தது எது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நெருங்கிய ரத்த உறவில் ஒருவர் 50 வயதுக்குள் திடீரென்று இறந்து, அதற்கு இந்த நோய் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அண்ணனுக்கு எவ்வளவு ஆபத்து என்று போடும் கணக்கே மாறுகிறது. இதயத் தாளம் கெட்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு இந்த ஒரு வரியால் திசை மாறக்கூடும். எக்கோ மெஷினுக்கு அது தெரியாது. வீட்டு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறை வரைந்துகொள்ளுங்கள். யார் எந்த வயதில் இறந்தார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். தூக்கத்தில் போனவர், நீந்தப் போய் மூழ்கியவர், காரணம் புரியாமல் வண்டியோடு விழுந்தவர், 'வலிப்பு' என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் அடிக்கடி மயங்கியவர், இளம் வயதில் பேஸ்மேக்கர் வைத்தவர், எல்லோரும் அதில் வர வேண்டும். இருபது வருடமாக எக்கோ பார்க்கிறேன். நல்ல ஒரு குடும்ப வரைபடம் சொன்ன அளவுக்குச் சில ஸ்கேன்கள் எனக்குச் சொன்னதில்லை. அம்மா பக்கத்தையும் விடாதீர்கள். அப்பாவிடமிருந்துதான் வந்தது என்பது இப்போதைக்கு ஊகம்தான்.

இனி நோய் என்ன என்று பார்ப்போம். இடது கீழறையின் சுவர் பொதுவாக 6 முதல் 11 மில்லிமீட்டர் வரை இருக்கும். வேறு காரணம் எதுவும் இல்லாமல் 15ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இந்த நோய் என்று வைத்துக்கொள்கிறோம். குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே இருந்தால் 13 போதும். 'வேறு காரணம்' என்பதில் கவனம் தேவை. கட்டுப்படாத ரத்த அழுத்தம், பெருந்தமனி வால்வு சுருங்குவது, கடுமையான விளையாட்டுப் பயிற்சி எல்லாமே சுவரைத் தடிக்க வைக்கும். ஃபேப்ரி, அமிலாய்ட் என்று இதே வேஷத்தில் வரும் வேறு நோய்களும் உண்டு. அவற்றுக்குத் தனி மருந்து இருப்பதால் தவறவிடக் கூடாது. அளப்பதிலும் பிசகு வரும். வலது அறைப் பக்கத்துத் தசைப் பட்டை ஒன்றையும் சேர்த்து அளந்து 17 என்று எழுதப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ.யில் 12தான் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு இன்னும் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். தசைக்குள் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதும் அதில் தெரியும்.

இது அபூர்வ நோயும் இல்லை. 500 பேரில் ஒருவருக்கு என்பது 1990களிலிருந்து சொல்லப்படும் கணக்கு. ஜீனையும் சேர்த்துப் பார்த்தால் 200இல் ஒருவர் வரை இருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள். பலருக்குத் தெரியாமலேயே முழு ஆயுளும் கழிந்துவிடுகிறது.

1958இல் லண்டனைச் சேர்ந்த டொனால்ட் டியர் என்ற நோயியல் மருத்துவர், சுவரின் ஒரு பகுதி மட்டும் கட்டி போலத் தடித்திருந்த 8 இதயங்களை விவரித்து எழுதினார். எல்லாம் இளவயதினருடையவை. அது குடும்பங்களில் ஓடுகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரிய முப்பது வருடம் ஆனது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பெரிய குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தவர்கள், 1989இல் கோளாறு 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். அடுத்த வருடமே இடம் துல்லியமாகக் கிடைத்தது. மயோசின் என்ற புரதத்தைக் கட்டும் எம்ஒய்எச்7 ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 403ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமைன் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பத்தின் அத்தனை மரணங்களுக்கும் பின்னால் இருந்தது அந்த ஓர் எழுத்து.

அந்த மயோசின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். இதயத் தசையின் ஒவ்வொரு இழையிலும் மயோசின் தலைகள், வடத்தைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல, ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து இழுக்கின்றன. அப்படித்தான் தசை சுருங்குகிறது. எல்லாக் கைகளும் எப்போதும் இழுப்பதில்லை. பெரும்பகுதி ஓய்வில் மடங்கிக் கிடக்கும். மயோசினோடு ஒட்டியிருக்கும் பைண்டிங் புரோட்டீன்-சி என்ற புரதம் இதற்கு ஒருவகை பிரேக். இந்த நோயில் பெரும்பாலும் கெடுவது எம்ஒய்எச்7 அல்லது அந்த பிரேக்கைச் செய்யும் எம்ஒய்பிபிசி3. ஜீன் கண்டுபிடிக்கப்படும் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கிவிடும். பிரேக் பாதியாகிப் போனால் ஓய்வில் இருக்க வேண்டிய கைகளும் இழுக்கின்றன. இதயம் தேவைக்கு மேல் இறுக்கிச் சுருங்குகிறது, தளர நேரம் எடுக்கிறது, எரிபொருளை வீணடிக்கிறது. அண்ணனுக்கு மூச்சிரைப்பதற்கு இதயம் பலவீனமானதாகக் காரணம் தேடாதீர்கள். அது சரியாகத் தளராததால் ரத்தம் உள்ளே வந்து நிரம்ப முடியாமல் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. எக்கோவில் 'பம்பிங் 70 சதவீதம்' என்று எழுதியிருக்கும், வீட்டில் நிம்மதிப்படுவார்கள். இந்த நோயில் அந்த எண்ணை வைத்து நிம்மதிப்பட முடியாது.

வருடங்கள் போகப் போக இழைகள் ஒழுங்காக அடுக்காமல் கலைந்து, நடுவே தழும்பு விழுகிறது. தாளம் கெடுவதற்கு விதை அங்கேதான். இன்னொரு பக்கம், தடித்த நடுச்சுவர் ரத்தம் வெளியேறும் வழியைக் குறுக்குகிறது. ஈரிதழ் வால்வின் ஒரு இதழ் அந்த வேகத்தில் இழுபட்டு வாசலை மறிக்கிறது. அப்படி அடைப்பு உள்ளவர் என்றால் ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை மற்ற இதய நோயாளிகளுக்கு உதவும். இவருக்கு அடைப்பைக் கூட்டி மயக்கத்தில் தள்ளிவிடும். ஆண்மைக்கான மாத்திரைகளிலும் அதே சிக்கல். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றினாலும் இதேதான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, இந்த நோய்க்கு ஒன்று கெட்டாலே போதும். அப்பாவிடம் இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மறுபடி பாதிக்குப் பாதி. உங்கள் முடிவு தெரியாத இன்றைய நிலையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு. ஆணா பெண்ணா என்பது இதில் கணக்கே இல்லை. 'அண்ணனுக்கு வந்துவிட்டது, அதனால் நான் தப்பித்தேன்' என்பதும் இல்லை. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது.

ஆனால் ஜீன் வந்திருப்பதும் நோய் வந்திருப்பதும் வேறு வேறு. ஒரே வீட்டில், ஒரே மாற்றத்தோடு, ஒருவருக்கு இருபது வயதில் சுவர் 30 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். இன்னொருவர் எண்பது வயதிலும் மெல்லிய சுவரோடு நடைபயிற்சி போய்க்கொண்டிருப்பார். ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தது போலத் தோன்றுவதெல்லாம் இப்படிப்பட்டவர்களால்தான். ஜீன் ரிப்போர்ட்டிலிருந்து தெரிவது, யாரைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்பது. யாருக்கு என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டைப் பார்த்து அனாவசியமாகப் பயப்படவும் மாட்டீர்கள், அனாவசியமாகத் தைரியப்படவும் மாட்டீர்கள்.

ஏன் அண்ணன் முதலில் என்றால், நோய் உறுதியானவரிடம்தான் எந்த எழுத்துப் பிழை என்று தேட முடியும். அது கிடைத்தபின் உங்களிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அவருடையது தெரியாமல் உங்களுக்கு எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அதற்கு அர்த்தமே இல்லை. உங்கள் வீட்டுப் பிழை அந்தப் பரிசோதனையில் பிடிபடாத வகையாக இருக்கலாம். அண்ணனின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். நோயை உண்டாக்கும் மாற்றம் தெளிவாகக் கிடைக்கலாம். ஒன்றுமே கிடைக்காமல் போகலாம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான். அல்லது 'முக்கியத்துவம் உறுதியில்லாத மாற்றம்' என்று வரலாம். மூன்றாவதுதான் தலைவலி. அதை வைத்துக் குடும்பத்தில் யாரையும் 'உனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை' என்று பிரிக்கக் கூடாது. 2016இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்டுவந்த சில மாற்றங்கள், கறுப்பின மக்களிடையே சாதாரணமாகக் காணப்படும், எந்தத் தீங்கும் செய்யாத மாற்றங்கள் என்று அதில் தெரிந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆட்களில் அந்த மக்கள் போதுமான அளவு இல்லாததால் வந்த வினை.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எம்ஒய்பிபிசி3இல் 25 எழுத்துகள் காணாமல் போயிருக்கும் ஒரு மாற்றம் இந்த மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009இல் வெளியானது. கோடிக்கணக்கானவர்கள்! அத்தனை பேருக்கும் நோய் வருவதில்லை. பின்னால் செய்த ஆய்வுகளில், அதே ஜீனில் டி389வி என்ற இன்னொரு மாற்றமும் அதோடு சேர்ந்து வரும் சிலரிடம் இதயம் கூடுதலாகச் சுருங்குவது தெரிந்தது. ஆகவே அண்ணனின் ரிப்போர்ட்டில் இந்த 25 எழுத்து இழப்பு மட்டும் இருந்தால், அதுதான் காரணம் என்று முடித்துவிடாமல் மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.

தெளிவான மாற்றம் கிடைத்து, அது உங்களிடம் இல்லை என்று வந்தால், நீங்களும் பிள்ளைகளும் இந்த வரிசையிலிருந்து விடுதலை. இருக்கிறது என்று வந்தால், எக்கோ இப்போது நன்றாக இருந்தாலும் பெரியவர்களுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை, சிறுவர்களுக்கு 1 முதல் 2 வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அண்ணனுக்கு எதுவுமே கிடைக்காவிட்டாலும் நீங்களும் அவர் பிள்ளைகளும் இதே இடைவெளியில்தான். வளரும் வயதில்தான் சுவர் வேகமாகத் தடிப்பது வழக்கம், அதனால் எட்டு வயதில் நார்மல் என்று வந்த எக்கோவைப் பதினைந்து வயது வரை நம்பிக்கொண்டிருக்க முடியாது. காப்பீட்டு விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைப் படித்துப் பாருங்கள்.

'நோயின் பெயர் எதுவானால் என்ன, எல்லாம் இதயத் தசைதானே' என்று ஒரு உறவினர் சொல்லக்கூடும். அப்படி இல்லை. சுவர் மெலிந்து இதயம் பெரிதாகும் வகையில் டைட்டின் என்ற பிரம்மாண்டப் புரதத்தின் ஜீன் அடிக்கடி காரணமாகிறது. லேமின் ஜீன் என்றால், இதயம் பெரிதாவதற்கு முன்பே மின்பாதை கெடும். தசையின் இடத்தில் கொழுப்பும் தழும்பும் நிறையும் வகையில், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்கள் கெடுகின்றன. அதில் கடுமையான உடற்பயிற்சியே நோயை வளர்க்கும். அதன் ஒரு வடிவம் கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. கம்பளி போன்ற சுருட்டை முடியும், தடித்த உள்ளங்கையும் உள்ள பிள்ளைகளைப் பார்த்தே இதயத்தைச் சந்தேகிக்கலாம்.

உங்கள் அண்ணனின் வகையில் உடற்பயிற்சி விஷயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2003இல் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ மைதானத்திலேயே விழுந்து இறந்தார், காரணம் இந்த நோய்தான். அப்படிப்பட்ட மரணங்களால் வெகுகாலம் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டோம். எடை ஏறி, மனம் சோர்ந்து போனவர்கள் எத்தனை பேர்! 2023இல் 1,660 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம் என்று தெரியவில்லை. அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிதமான நடை, சைக்கிள் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். போட்டி விளையாட்டு என்றால் பேசி முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் அல்லது வெராபமில் மாத்திரை. அடைப்பு இருந்து அவை போதாவிட்டால் மாவகாம்டென் என்ற மருந்து இருக்கிறது. மேலே சொன்ன அந்த அதிகப்படியான மயோசின் கைகளை ஓய்வுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜீனைக் கண்டுபிடித்ததிலிருந்து மாத்திரைவரை 32 வருடம். அளவு மிஞ்சினால் பம்பிங் குறைந்துவிடும் என்பதால் அடிக்கடி எக்கோ பார்த்துத்தான் கொடுக்க முடியும். அப்புறம் அறுவை: தடித்த சுவரில் கொஞ்சம் செதுக்கி எடுப்பது. அதை வடிவமைத்த ஆண்ட்ரூ மாரோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவருக்கே இந்த நோய் இருந்தது என்பது விசித்திரம். அறுவை வேண்டாதவர்களுக்கு, சுவருக்குப் போகும் சிறு ரத்தக் குழாயில் ஆல்கஹாலைச் செலுத்தி அந்தப் பகுதியை மட்டும் சுருங்க வைப்பார்கள். மேலறைத் தாளம் கெட்டால் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது, பக்கவாதம் வரும். இவற்றில் எதுவும் ஜீனைத் திருத்துவதில்லை. 2017இல் கருக்களில் எம்ஒய்பிபிசி3 பிழையைத் திருத்திப் பார்த்தார்கள், ஆய்வகத்தோடு நின்றது. உங்கள் குடும்பம் இன்று அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. (மெய்ன் கூன் என்ற பூனை இனத்துக்கும் இதே எம்ஒய்பிபிசி3இல் பிழை வந்து இதே நோய் வருகிறது. மனிதனுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை.)

திடீர் மரணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனதில் இருப்பது அதுதான். எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பரிசோதனையும்: சுவர் 30ஐத் தொட்டதா, காரணமில்லாத மயக்கம் உண்டா, 24 மணி நேரம் இ.சி.ஜி.யைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியில் தாளம் பிசகியதா, பம்பிங் 50க்குக் கீழே வந்ததா, தழும்பு நிறைய இருக்கிறதா, வீட்டில் யாராவது இளவயதில் போனார்களா. இதில் கடைசிக் கேள்விக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது.

அப்பாவோடு பிறந்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அத்தை, பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும், அதை மருத்துவமனை செய்யாது. வருடக்கணக்கில் பேசாத வீடுகள் இருக்கும், 'எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை' என்று கோபித்துக்கொள்வார்கள். விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "அண்ணனுக்கு இதயத் தசையில் பரம்பரை நோய் என்று தெரிந்திருக்கிறது. அப்பாவும் இதில்தான் போயிருப்பாரோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நீங்களும் பிள்ளைகளும் ஒரு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணன் ரிப்போர்ட்டின் நகலை அனுப்பி வைக்கிறேன்." இவ்வளவு சொன்னால் போதும். நகலை மறக்காமல் அனுப்பிவிடுங்கள். ஜீன் முடிவு வந்ததும் அதில் உள்ள மாற்றத்தின் முழுப் பெயரோடு இன்னொரு நகலும்.